தைத்ததை வெட்டித் திருப்புவது: புதிதாகத் தைப்பவர்களுக்கு ஓர் ஒட்டுத்துணிக் கட்டம்

வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக் கொடுக்கும் எந்தப் பெண்ணிடமும் ஒரு மூட்டை பிட்டுத் துணி சேர்ந்திருக்கும். கை வெட்டியபின் மிஞ்சுவது, கழுத்து வளைத்தெடுத்த துண்டு, லைனிங்கில் எஞ்சிய நீளப் பட்டை என எல்லாமே நல்ல பருத்தியாக இருக்கும். தூக்கிப்போடவும் மனம் வராது, உருப்படியாக ஒன்றைத் தைக்கவும் போதாது. கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் பல ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்துவரும் என்னிடமும் அப்படியொரு மூட்டை இருந்தது. அடுப்படியில் பிடிதுணியாகவும் வண்டி துடைக்கவும் போனது போக, மிச்சத்தை ஒட்டுத்துணிப் போர்வையாக்கலாம் என்று இறங்கினேன். அப்போது நான் எடுத்துக்கொண்ட கட்டத்தையும் (பலவற்றைச் சேர்த்தால் போர்வையாகும் ஒரு சதுரத்தைத்தான் கட்டம் என்கிறேன்), பிறகு அதைத் தெருப் பெண்கள் சிலருக்குச் சொல்லிக்கொடுத்ததில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்பது சதுரங்களை மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்துத் தைப்பது இந்தக் கலையில் மிகப் பழைய பாடம். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் சிறுமிகளுக்குத் தையல் பழக்க முதலில் கொடுத்தது இதைத்தான். நான் சொல்லப்போவது அதிலிருந்து பின்னாளில் கிளைத்த ஒன்று. ஒன்பது துண்டையும் தைத்து, தேய்த்து, அழகாக முடித்த பிறகு, அதை நடுவில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வெட்டி நான்காக்கி, அந்த நான்கில் சிலவற்றைத் திருப்பி வைத்து மறுபடி தைக்க வேண்டும். 'டிஸ்அப்பியரிங் நைன் பேட்ச்' என்ற பெயரில் இது வெளிநாட்டுத் தையல்காரர்களிடம் பிரபலம். எங்கள் வீட்டில் முதலில் இதைப் பார்த்த என் மாமியார், "ஏம்மா, தைச்சு முடிச்சதை எதுக்கு மறுபடியும் வெட்டற?" என்று பதறியே போனார். கத்தரி ஓடி முடிந்து, துண்டுகளைப் பாயில் பரப்பியதும், அவரே குனிந்து ஒன்றைத் திருப்பி வைத்து, "இப்படி வெச்சா நல்லா இருக்கு" என்றார். அடுத்த அரைமணி நேரம் துண்டுகள் என் கைக்கு வரவில்லை.

கற்றுக்கொள்பவர்களுக்கு இதையே முதலில் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நட்சத்திரம், முக்கோணம் என்று தொடங்கினால் முனையோடு முனை பொருந்த வேண்டும். அரை நூல் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒன்று) விலகினாலும் கண்ணை உறுத்தும். முக்கோணம் வெட்டினால் துணியின் கிராஸ் ஓரம், அதாவது சாய்வாக வெட்டிய ஓரம், கைபட்டாலே இழுபட்டு நீளும். இந்தக் கட்டத்தில் எல்லாமே பாவும் ஊடையுமாக நேராக வெட்டிய சதுரங்கள்; இழுபடாது. கடைசியில் நான்கு துண்டுகளைத் திருப்பிச் சேர்க்கும்போது பெரும்பாலான அமைப்புகளில் தையலும் தையலும் நேருக்கு நேர் வருவதே இல்லை. ஆகவே பொருந்தாத குறை என்று ஒன்று தெரியவே தெரியாது. கண்டிப்பாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டுதான்: சதுரத்தை வெட்டும் அளவு, தையலுக்கு விடும் கால் இன்ச். அந்த இரண்டிலும் பிடிவாதமாக இருந்துவிட்டால் மற்றதெல்லாம் விளையாட்டு.

துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாப்ளின், டூ பை டூ, காடா, கேம்ப்ரிக் என எதுவானாலும் முழுப் பருத்தியாக இருக்கட்டும். ரவிக்கைப் பிட்டுகளில் சிந்தெடிக் கலந்தவை நிறையவே வரும். அவை ஊசிக்கடியில் வழுக்கும், சூடான அயர்ன் பாக்ஸ் பட்டால் சுருங்கிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிந்த வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். காசு கொடுத்து வாங்குவதானால் எங்கள் பக்கத்தில் ஜவுளிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற பர்கூர் இருக்கிறது. ஆனால் முதல் கட்டத்துக்காக அங்கே போய்ப் பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. பக்கத்திலுள்ள டெய்லரிடம் கேட்டால் ஒரு பை நிறையக் கொடுப்பார்.

எல்லாத் துண்டையும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு பருத்தியும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கும். அடர்ந்த சிவப்பு, கருநீலம், கரும்பச்சை ஆகியவற்றை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துண்டை இன்னும் சில முறை அலசுங்கள், அப்போதும் விடாமல் இறங்கினால் ஒதுக்கிவிடுங்கள். கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். அதை நம்பி ஒரு வெளிர்நிறக் கட்டத்துக்குள் சிவப்பை வைக்க நான் துணியமாட்டேன். அதற்குப் பதில் நம் வீட்டுக் கஞ்சி வேறு வகையில் உதவும். சோறு வடித்த கஞ்சியை நன்றாக நீர்க்கக் கரைத்து, துணியை முக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்திலேயே தேய்த்துவிட்டால் தொளதொள என்றிருக்கும் டூ பை டூவும் அட்டை போல நின்று வெட்டக் கொடுக்கும். தைத்து முடித்தபின் ஒரு சலவையில் கஞ்சி போய்விடும்.

சதுரத்தின் அளவு 5 இன்ச். வெளிநாட்டில் இதற்கு ரோட்டரி கட்டர் என்ற உருளும் கத்தியைப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அதைக் கொண்டுவந்த பிறகு ஒட்டுத்துணி வேலையின் வேகமே மாறிவிட்டது. அது இல்லாவிட்டாலும் குறைவில்லை. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் 5 இன்ச் சதுரம் ஒன்றைக் கச்சிதமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைவிட அது நல்லது. சாக் தேய்ந்து தேய்ந்து ஓரம் மழுங்காது, அதோடு கொஞ்சம் ஊடுருவித் தெரிவதால் பூவையோ மாங்காயையோ சதுரத்தின் நடுவில் வரும்படி வைத்து வரையலாம். நான்கு மூலையும் செங்கோணமா என்பதைக் குறுக்குக்குக் குறுக்கு அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சரி. இன்ச் டேப்பை இதற்கு நம்ப வேண்டாம். கழுத்தில் தொங்கித் தொங்கி நீண்டுபோன டேப்புகளை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். இரும்பு ஸ்கேல்தான் சரி.

இனி கால் இன்ச். ரவிக்கை தைப்பவர்களுக்கு இதில்தான் சிரமம் அதிகம் என்பதைச் சொல்லிக்கொடுக்கும்போது கண்டேன். பிற்பாடு பிரித்து விடுவதற்காக ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டே பழகிய கை அது. கால் இன்ச் என்றால் போதாதே என்று தானாகவே தள்ளிப் போகும். கணக்கைப் பாருங்கள். மூன்று 5 இன்ச் சதுரங்களைச் சேர்த்தால் இரண்டு தையல். ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து அரை இன்ச் உள்ளே போகும். ஆக 15இல் 1 போய் 14 இன்ச் வர வேண்டும். தையல் வெறும் 1/16 இன்ச் தள்ளிப் போனாலும் ஒரு தையலுக்கு 1/8 இன்ச், இரண்டுக்குமாகக் கால் இன்ச் குறைந்து 13¾ ஆகிவிடும். ஒரு கட்டம் 14, இன்னொன்று 13¾ என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தைக்கும்போது சுருக்கம் விழாமல் இருக்காது.

இதற்கு மெஷினிலேயே ஓர் எல்லை கட்டிவிடுவதுதான் வழி. சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மெதுவாகக் கீழே இறக்குங்கள். இரும்பு ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்து, ஊசியின் நடுவிலிருந்து வலப்பக்கம் சரியாகக் கால் இன்ச்சில், துணியை அழுத்தும் பாதத்துக்கு முன்னாலிருந்தே தொடங்கும்படி, தடித்த பிளாஸ்திரித் துண்டை நான்கைந்து மடிப்பாக ஒட்டுங்கள். மடிப்பு ஒட்டினால்தான் ஓரம் சுவர்போல் நிற்கும். துணியின் விளிம்பு அதில் இடித்துக்கொண்டே போகும், கண் ஊசியைப் பார்க்க வேண்டியதில்லை, பிளாஸ்திரியைப் பார்த்தால் போதும். துணியை நகர்த்தும் பற்கள் ஓடும் இடத்தை மட்டும் அது மூடிவிடக் கூடாது. பிறகு இரண்டு வீணான சதுரங்களைத் தைத்துத் தேய்த்து, மொத்த அகலம் 9½ இன்ச் வருகிறதா என்று அளந்து பாருங்கள். 9½க்கு ஒரு நூல் குறைந்தால் பிளாஸ்திரியை அரை நூல் ஊசிப்பக்கம் நகர்த்த வேண்டும். துணி மடங்கும் இடத்திலும் கொஞ்சம் அளவு போகும் என்பதால் பெரும்பாலும் அப்படி நகர்த்த வேண்டித்தான் வரும். ஊசி 14ஆம் நம்பர் போதும், தையல் இன்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு விழட்டும். நூலுக்கு ஒவ்வொரு நிறத்தையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வெளிர் சாம்பல் நிறம் எல்லாத் துணிக்கும் அடங்கிப்போகும்.

எந்தத் துணியை எந்த இடத்தில் வைப்பது என்பதைத் தைக்கும் முன்பே யோசிக்க வேண்டும், இந்தக் கட்டத்தின் சூட்சுமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. நடுவில் வெட்டும்போது நான்கு மூலைச் சதுரங்கள் வெட்டுப்படாமல் முழுதாகத் தப்பிக்கும். பக்கவாட்டின் நடுவிலுள்ள நான்கும் இரண்டிரண்டாகப் பிளந்து பட்டைகளாகும். மையச் சதுரமோ நான்காகி, ஒவ்வொரு துண்டின் ஒரு முனையிலும் குட்டிச் சதுரமாக உட்காரும். எல்லாம் தைத்து முடிந்தபின் பெரிய சதுரம் 4½ இன்ச், பட்டைகள் 2 இன்ச்சுக்கு 4½, குட்டிச் சதுரம் 2 இன்ச் என்று தெரியும். ஆகவே பெரிய பூப்போட்ட துணி, யானை, மயில் போன்ற உருவம் உள்ள துணி எல்லாம் மூலைக்கு. கோடு போட்டது, கட்டம் போட்டது, பொடிப் புள்ளி வைத்தது ஆகியவை பக்கங்களுக்கு. மையத்துக்கு உருவமே இல்லாத, கண்ணைப் பறிக்கும் ஒரே நிறம். எந்தக் கட்டம் தைத்தாலும் மையத்துக்கு அந்த ஒரே நிறத்தையே வைத்துக்கொண்டால், பிட்டுத் துணி எத்தனை விதமாக இருந்தாலும் போர்வை முழுவதும் அந்தக் குட்டிச் சதுரங்கள் ஆங்காங்கே எட்டிப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே வேலையாகக் காட்டும். நான் மாம்பழ மஞ்சளை எடுத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரிக்காரிக்கு வேறு எந்த நிறம் வாய்க்கும்?

தைக்கும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் நூலை வெட்ட வேண்டாம். ஒரு ஜோடி முடிந்ததும் பாதத்தைத் தூக்காமல் இரண்டு தையல் வெறுமனே ஓடவிட்டு, அடுத்த ஜோடியைக் கொடுங்கள். மெஷினுக்குப் பின்னால் தோரணம்போல் கோத்துக்கொண்டு விழும், கடைசியில் மொத்தமாக வெட்டிக்கொள்ளலாம். என்னிடம் கற்க வந்த பெண்களில் ஒருவர் ஓசூர்ப் பக்கம் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். பண்டிலை இடது மடியில் வைத்துக்கொண்டு அவர் தைத்த வேகத்தைப் பார்த்து, இந்த விஷயத்தில் நான் அவருக்கு மாணவியானேன்.

மூன்று வரிசைகள் தயாரானதும் தேய்க்க வேண்டும். துணி உடுப்புக்குத் தேய்ப்பதுபோல் அயர்ன் பாக்ஸை இழுக்கக் கூடாது; வைத்து அழுத்தி எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் சதுரம் வில்லாக வளையும். முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் பின்பக்கத்துத் தையல் மடிப்புகளை வெளிப்பக்கமாகப் படியவையுங்கள், நடு வரிசையில் உள்பக்கமாக. வரிசைகளை மேலும் கீழும் வைக்கும்போது எதிரெதிராகப் படிந்த அந்த மடிப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தாமே பூட்டிக்கொள்ளும். ஆள்காட்டி விரலால் தடவினால் மேடு பள்ளம் இல்லாமல் இருப்பது தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்திவிட்டால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். இப்போது உங்களிடம் 14 இன்ச் சதுரம் ஒன்று இருக்கிறது.

வெட்டும்போது வெளி ஓரத்திலிருந்து 7 இன்ச் அளப்பதைவிட, மையச் சதுரத்தின் தையல் கோட்டிலிருந்து 2¼ இன்ச் அளந்து கோடு போடுவது மேல். வெளி ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மையச் சதுரம் சரிபாதியாக வெட்டுப்படும், குட்டிச் சதுரங்கள் நான்கும் ஒரே அளவில் வரும். நீளவாக்கில் வெட்டியதும் துண்டுகளை அசைக்காமல் அகலவாக்கிலும் வெட்டி முடியுங்கள்.

இனிதான் விளையாட்டு. குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டு துண்டுகளை மட்டும் தலைகீழாக, அதாவது அரைச் சுற்றுத் திருப்பினால், குட்டிச் சதுரங்களில் இரண்டு நடுவில் முனை தொட்டு நிற்கும், மற்ற இரண்டும் வெளி மூலைகளுக்குப் போகும். ஒன்பது சதுரத்தின் அடையாளமே தெரியாது. நான்கையும் ஒரே திசையில் கால் சுற்றுத் திருப்பினால், குட்டிச் சதுரங்கள் நான்கு பக்கங்களின் நடுவுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக விலகி, மொத்தமும் காற்றாடி சுழல்வதுபோல் தோன்றும். பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான். இந்த இரண்டிலும் சேர்க்கும் ஓரத்தில் ஒரு துண்டின் தையல் மேலே வந்தால் மற்றதன் தையல் கீழே வரும். பொருத்திப் பார்க்கும் வேலையே இல்லை, நடுப்புள்ளி ஒன்றைத் தவிர. நான்கையும் அரைச் சுற்றுத் திருப்பினால் பெரிய சதுரங்கள் நான்கும் நடுவில் கூடி, குட்டிகள் வெளி மூலைகளில் நிற்கும். பார்க்க லட்சணமான அமைப்பு. ஆனால் இதில் தையலும் தையலும் எதிரெதிரே வந்துவிடும். கொஞ்சம் கை தேறியபின் வைத்துக்கொள்ளலாம்.

பிடித்த அமைப்பைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகே மெஷினுக்கு எடுத்துப் போங்கள். பாயிலிருந்து மெஷினுக்குப் போகும் நாலடித் தூரத்தில் துண்டு தானாகத் திரும்பிக்கொள்ளும். தைத்து முடிந்தால் கட்டம் 13½ இன்ச் இருக்கும்; சுற்றிலும் கால் இன்ச் தையலுக்குப் போனால் கண்ணுக்குத் தெரிவது 13.

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள் சேர்த்தால் 39 இன்ச் சதுரம், கைக்குழந்தைக்கு விரிக்கவும் போர்த்தவும் தோதானது. இதற்கு 81 சதுரங்கள் வேண்டும். புதுத் துணியானால் 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலத்தில்) ஒரு 5 இன்ச் பட்டைக்கு எட்டுச் சதுரம் கிடைப்பதால் மொத்தம் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். ஒற்றைக் கட்டிலுக்கு ஐந்துக்கு ஏழு, அதாவது 35 கட்டங்கள். 65க்கு 91 இன்ச் வரும். 315 சதுரங்கள் வெட்ட வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைத் தொடங்குங்கள்.

உள்ளே என்ன வைப்பது என்பது ஊரைப் பொறுத்தது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிர் எலும்பில் ஏறும். அங்கே கடைகளில் கிடைக்கும் மெல்லிய பஞ்சு ஷீட்டோ பழைய கம்பளியோ வைக்கலாம். காவேரிப்பட்டணத்திலும் தருமபுரியிலும் அவ்வளவு தேவைப்படாது. நைந்த பருத்திப் புடவையை இரண்டாக மடித்து உள்ளே வைத்து, இன்னொரு புடவையை அடியில் கொடுத்தால் ஆண்டு முழுவதும் போர்த்தலாம். மூன்று அடுக்கையும் தரையில் இழுத்து விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெரிய தையலாக நூலோட்டிப் பிடித்துக்கொண்ட பிறகு, கையாலோ மெஷினாலோ நேர்கோடுகளாக ஓட்டுத் தையல் போட வேண்டும். பக்கத்து மாநிலத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் கவண்டி என்ற போர்வையை வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றிக் கையாலேயே தைத்துக்கொண்டு போவார்கள். அது அவர்கள் கை பழகிய முறை. புதிதாகச் செய்பவர்கள் நடுவிலிருந்து வெளியே போவதுதான் அடித்துணியில் மடிப்பு விழாமல் காக்கும்.

விற்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய போர்வைக்குப் போகும் நேரத்தைக் கூலிக் கணக்கில் போட்டால் எங்கள் ஊரில் எவரும் அந்த விலை தரமாட்டார்கள், இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் பயனில்லை. திண்டு உறை மட்டும் கட்டுப்படியாகும். ஒரே ஒரு கட்டத்தைச் சுற்றி 2 இன்ச் அகலப் பட்டை வைத்துத் தைத்தால் சரியாக 16 இன்ச் உறைக்கு முகப்பு ஆகிவிடும். பின்பக்கத்துக்கு 16½க்கு 11 இன்ச்சில் இரண்டு துண்டுகளை ஓரம் மடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்தால் ஜிப் செலவும் இல்லை. ஆர்டர் கொடுப்பவர்களை நேரில் வரச் சொல்லி, நான்கு துண்டுகளையும் அவர்கள் முன்னால் போட்டு, எப்படித் திருப்ப வேண்டும் என்பதை அவர்களையே தீர்மானிக்கச் சொல்கிறேன். அதன்பிறகு பேரம் பேசுபவர்கள் குறைவு.